புது ப்ராசஸரின் வசதிகளை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, கோயம்புத்தூரிலோ கஞ்சிக்கோட்டிலோ சர்வர் பார்க்கும் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ஹோஸ்ட்ல புது ஜியான் இருக்குது. விஎம்முக்குள்ள போய்ப் பார்த்தா ஏதோ 'கியூஇஎம்யு விர்ச்சுவல் சிபியு வெர்ஷன் 2.5+'னு காட்டுது. ஏன்?" அதற்கான பதிலையும், அதைச் சரிசெய்யும் வேலைகளையும் வரிசையாக எழுதுகிறேன். ஹோஸ்ட் என்பது உண்மையான சர்வர்; அதற்குள் மென்பொருளால் உருவாக்கி ஓட்டும் விர்ச்சுவல் மெஷின்தான் விஎம், அதையே கெஸ்ட் என்றும் சொல்வோம். ஜியான் என்பது இன்டெலின் சர்வர் ப்ராசஸர். லினக்ஸ் ஹோஸ்ட், அதன்மேல் கேவிஎம் (கெர்னலுக்குள் இருந்து கெஸ்ட்டை ஓட்டும் பகுதி), கியூஇஎம்யு (கெஸ்ட்டுக்கு ஒரு மெஷினைப் போலக் காட்டும் ப்ரோக்ராம்), லிப்விர்ட் (இவற்றை நிர்வகிக்கும் கருவி, 'விர்ஷ்' அதன் கட்டளை) என்ற கூட்டணியை வைத்தே பேசப்போகிறேன். சின்ன இடங்களில் காசு கொடுக்காமல் கிடைப்பது அதுதான். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இது ஏன் முக்கியம் என்று பார்ப்போம். வேகம் மட்டும் அல்ல, சில மென்பொருள்கள் ஓடுவதே இதைப் பொறுத்துத்தான். மோங்கோடிபி என்ற டேட்டாபேஸின் 5.0 பதிப்புக்கு ஏவிஎக்ஸ் (ஒரே ஆணையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) இல்லாத ப்ராசஸர் ஆகாது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 என்றால் எக்ஸ்86-64-வி2 என்ற மட்டம் (ப்ராசஸர் வசதிகளைத் தொகுத்து வைத்த படிகளில் ஒன்று) வேண்டும். 2025-இல் வந்த 10-ஆம் பதிப்பு வி3 மட்டத்தைக் கேட்கிறது, அதாவது ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ, எஃப்எம்ஏ எல்லாம் இருக்கவேண்டும். ஒரு பால் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா போன் போட்டு, "தம்பி, புது ப்ரோக்ராமைத் தொறந்ததும் தானா மூடிக்குதுங்க" என்று சொன்னால், நீங்கள் லாக்கில் முதலில் தேடவேண்டியது 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற சொல்லை. ஹோஸ்ட்டில் அந்த வசதி இருந்திருக்கும், ஆனால் கெஸ்ட்டுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். அப்படி நடப்பது சகஜம்.

கெஸ்ட்டுக்குப் பதில் சொல்வது யார்?

ஒரு ப்ரோக்ராம் "உன்னிடம் என்னென்ன வசதி இருக்கிறது?" என்று ப்ராசஸரைக் கேட்க சிபியுஐடி என்ற ஆணை உண்டு. சாதாரண மெஷினில் சில்லு நேரடியாகப் பதில் சொல்லும். விர்ச்சுவல் மெஷினில் அப்படி இல்லை. இன்டெலின் விடி-எக்ஸ் அமைப்பில், கெஸ்ட் சிபியுஐடி கேட்ட நொடியிலேயே கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் (கெஸ்ட்களை ஓட்டும் மென்பொருள், இங்கே கேவிஎம்) போய்விடும். கேவிஎம் தன்னிடம் உள்ள ஒரு பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, கெஸ்ட்டைத் திரும்ப ஓடவிடும். அந்தப் பட்டியலை எழுதிக்கொடுப்பது கியூஇஎம்யு. கியூஇஎம்யுவிடம் "இன்ன மாதிரி எழுது" என்று சொல்வது லிப்விர்ட். லிப்விர்ட்டுக்குச் சொல்வது நீங்கள்.

ஆக, ஒரு வசதி கெஸ்ட்டுக்குப் போய்ச்சேர ஐந்து கதவுகள் திறக்கவேண்டும். சில்லிலும் அதன் மைக்ரோகோடிலும் (அப்டேட் செய்யக்கூடிய, சில்லின் உள் மென்பொருள்) வசதி இருக்கவேண்டும். ஹோஸ்ட் கெர்னலில் உள்ள கேவிஎம்முக்கு அது தெரிந்திருக்கவேண்டும். கியூஇஎம்யுவுக்கு அதன் பெயர் தெரிந்திருக்கவேண்டும். லிப்விர்ட்டில் அதைக் கேட்டிருக்கவேண்டும். கடைசியில், கெஸ்ட்டின் கெர்னலுக்கும் அதைப் பயன்படுத்தத் தெரியவேண்டும். ஒன்று மூடியிருந்தாலும் வசதி வராது. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரச்சினை வரும்போது எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்தால் போதும்.

"சில்லில் இருப்பதை அப்படியே காட்டிவிட்டால் என்ன, கேவிஎம்முக்கு ஏன் தெரியவேண்டும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வசதிகளில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, ஏற்கெனவே உள்ள ரெஜிஸ்டர்களை (ப்ராசஸருக்குள் மதிப்புகளை வைக்கும் இடங்கள்) வைத்தே வேலைசெய்யும் புது ஆணைகள். ஏவிஎக்ஸ்-விஎன்என்ஐ அப்படிப்பட்டது. ஏவிஎக்ஸின் ரெஜிஸ்டர்களைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் வேலை கேவிஎம்மில் முன்பே இருப்பதால், பட்டியலில் ஒரு பிட்டைத் திறந்துவிட்டால் முடிந்தது. கெர்னலில் இதற்கான மாற்றம் சில வரிகள்தான்.

இரண்டாம் வகை, புது ரெஜிஸ்டர்களைக் கொண்டுவருபவை. ஏவிஎக்ஸ்-512, ஏஎம்எக்ஸ் போன்றவை. ஒரு கெஸ்ட்டை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும்போது, முதல் கெஸ்ட்டின் ரெஜிஸ்டர் மதிப்புகளைப் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும் அல்லவா? ஏஎம்எக்ஸில் (மேட்ரிக்ஸ் கணக்குக்கான வசதி) டைல்கள் என்ற பெரிய ரெஜிஸ்டர்கள் எட்டு, ஒவ்வொன்றும் 1 கேபி, ஆக 8 கேபி. ஒவ்வொரு விசிபியுவுக்கும் (கெஸ்ட்டுக்குக் காட்டும் ப்ராசஸர்) இந்த இடத்தைச் சும்மா ஒதுக்கிவைப்பது வீண் என்பதால், லினக்ஸ் கெர்னல் இதை அனுமதி கேட்டு வாங்கும் வசதியாக வைத்திருக்கிறது. கியூஇஎம்யு தன் கெஸ்ட்டுக்காக அந்த அனுமதியைத் தனியாகக் கேட்கவேண்டும். அதனால்தான் இது மூன்று இடத்தில் வெவ்வேறு நேரத்தில் வந்தது: லினக்ஸ் 5.16-இல் சாதாரண ப்ரோக்ராம்களுக்கு, 5.17-இல் கேவிஎம்முக்கு, பிறகு கியூஇஎம்யு 7.0-இல். இந்த மூன்றும் 2022-இலேயே தயார். நான்காம் தலைமுறை ஜியான் ஸ்கேலபிள் 2023 ஜனவரியில்தான் வெளியானது. சில்லு வருவதற்கு முன்பே மென்பொருள் வேலை முடிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பழைய கெர்னலை விடாமல் வைத்துக்கொண்டு புதுச் சில்லு வாங்குகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் வகை, எம்எஸ்ஆர் எனப்படும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களை நம்பியவை. பாதுகாப்பு சார்ந்த வசதிகளில் பல இப்படி. கெஸ்ட் அதில் எழுதுகிற மதிப்பைக் கேவிஎம் கவனமாகக் கையாளவேண்டும். மைக்ரேஷனின்போது, அதாவது ஓடும் கெஸ்ட்டை இன்னொரு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தும்போது, அந்த மதிப்பையும் கூடவே அனுப்பவேண்டும். இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை: ஹோஸ்ட்டை அறிதல்

ஹோஸ்ட்டில் 'எல்எஸ்சிபியு' ஓட்டுங்கள். ஃப்ளாக்ஸ் என்ற நீண்ட வரியில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, ஏஇஎஸ் எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். விஎம்எக்ஸ் (ஏஎம்டியில் எஸ்விஎம்) இல்லையென்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது. முதலில் அதைத் திறந்துவிட்டு வாருங்கள். 'விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட்' என்ற சின்னக் கருவி இதையெல்லாம் ஒரே மூச்சில் சோதித்துச் சொல்லும். சிபியுஇன்ஃபோ கோப்பில் மைக்ரோகோடின் பதிப்பு எண்ணும் இருக்கும். அதை நோட்டில் எழுதிவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது வேலை: ஹைப்பர்வைசரிடம் கேட்டல்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இதுதான். சில்லில் இருப்பது ஒன்று, கெஸ்ட்டுக்குக் கொடுக்க முடிவது வேறொன்று. இரண்டாவதை அறிய 'விர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ்' கட்டளை. வெளிவரும் நீண்ட எக்ஸ்எம்எல்லில் சிபியு பகுதியைப் பாருங்கள். 'ஹோஸ்ட்-மாடல்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் ஹோஸ்ட்டுக்கு மிக நெருங்கிய மாடல் பெயரும், அதோடு சேர்க்கவேண்டிய வசதிகளும் இருக்கும். 'கஸ்டம்' என்பதன் கீழ் எல்லா மாடல் பெயர்களும், ஒவ்வொன்றும் இந்த ஹோஸ்ட்டில் ஓடுமா ஓடாதா என்ற குறிப்பும் இருக்கும். சில்லில் உள்ள ஒரு வசதி இங்கே காணவில்லை என்றால், கெர்னலோ கியூஇஎம்யுவோ பழையது என்று பொருள். கெஸ்ட்டைக் குடைந்து பயனில்லை, ஹோஸ்ட்டை அப்டேட் செய்யுங்கள்.

மூன்றாவது வேலை: எந்த முறை?

இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்கவேண்டிய இடம் இது. இங்கே எடுக்கும் முடிவு அந்தக் கெஸ்ட்டின் ஆயுள் முழுக்கக் கூட வரும்.

எதுவும் சொல்லாமல் விட்டால் கியூஇஎம்யு 'கியூஇஎம்யு64' என்ற மிகப் பழைய பொது மாடலைக் கொடுக்கும். பிள்ளைகள் கேட்ட 'கியூஇஎம்யு விர்ச்சுவல் சிபியு' என்ற பெயர் இதனுடையதுதான். எங்கும் ஓடவேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் குறைத்து வைத்த மாடல் அது. எஸ்எஸ்இ4.2 கூட அதில் கிடையாது. அதனால்தான் ரெட் ஹாட் 9 வகை லினக்ஸை அதில் ஏற்றப் பார்த்தால், ஜிலிப்சி என்ற லினக்ஸின் அடிப்படை நூலகம் "எக்ஸ்86-64-வி2 இல்லை" என்று சொல்லி பூட் ஆகும்போதே செத்துவிடும். கேவிஎம்மை வைத்தே இயங்கும் ப்ராக்ஸ்மாக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு 8.0 பதிப்பு முதல் புது விஎம்முக்கு வி2-ஏஇஎஸ் என்ற மாடல் தானாகவே வருகிறது. பழைய விஎம்கள் மட்டும் பழைய மாடலிலேயே கிடக்கும். அவற்றை நீங்கள்தான் தேடிப்பிடித்து மாற்றவேண்டும்.

'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' இன்னொரு கோடி. ஹோஸ்ட்டில் உள்ளதில், கேவிஎம் கொடுக்கக்கூடிய அத்தனையையும் அப்படியே காட்டும். கெஸ்ட்டுக்குள் மாடல் பெயர்கூட ஹோஸ்ட்டின் பெயராகவே இருக்கும். ஒரே ஒரு ஹோஸ்ட் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டை நிறுத்தாமல் இன்னொரு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தவேண்டும் என்றால் மட்டும் சிக்கல். சில்லு, மைக்ரோகோடு, கெர்னல், கியூஇஎம்யு எல்லாம் ஒன்றாக இருக்கும் ஹோஸ்ட்டுக்குத்தான் நம்பி நகர்த்தலாம்.

'ஹோஸ்ட்-மாடல்' நடுவில் உள்ளது. கெஸ்ட் தொடங்கும்போது லிப்விர்ட் அந்த ஹோஸ்ட்டைப் பார்த்து, நெருங்கிய மாடலையும் கூடுதல் வசதிகளையும் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் 'தொடங்கும்போது' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பழைய ஹோஸ்ட்டில் தொடங்கிய கெஸ்ட்டைப் புது ஹோஸ்ட்டுக்கு நகர்த்தலாம். அங்கே போனபின் அதை அணைத்து மறுபடி தொடங்கினால், புது ஹோஸ்ட்டின் வசதிகளை எடுத்துக்கொள்ளும். பிறகு பழைய ஹோஸ்ட்டுக்குத் திரும்ப வராது.

'கஸ்டம்' என்பது நீங்களே மாடலின் பெயரைச் சொல்வது. பிராட்வெல், ஐஸ்லேக்-சர்வர், ஏஎம்டி என்றால் எபிக்-ரோம், இப்படி. அதோடு தேவையான வசதிகளைத் தனித்தனியாகக் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம். 'ரிக்வயர்' என்று போட்டால், அந்த வசதி இல்லாத ஹோஸ்ட்டில் கெஸ்ட் தொடங்கவே தொடங்காது. 'ஆப்ஷனல்' என்றால் இருந்தால் கொடுக்கும். 'டிசேபிள்' என்றால் மறைக்கும். 'ஃபோர்ஸ்' என்றும் ஒன்று உண்டு; இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்ல வைப்பது அது. தயவுசெய்து தொடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஒரு ஹோஸ்ட் மட்டும் என்றால் பாஸ்த்ரூ, இரண்டாவது ஹோஸ்ட் வந்துவிட்டால் கஸ்டம். ஹோஸ்ட்-மாடலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எந்த வசதி இருக்கிறது என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறலாம் என்பது, இரவில் கரண்ட் போய் வந்து எல்லாம் தானாகத் தொடங்குகிற எங்கள் பக்கத்துச் சர்வர் அறைகளுக்கு ஒத்துவராது.

நான்காவது வேலை: இரண்டு ஹோஸ்ட்டுக்கும் பொதுவானதைக் கண்டுபிடித்தல்

இங்கெல்லாம் வழக்கமான நிலைமை இதுதான்: கோயம்புத்தூரில் இரண்டாம் கையாக வாங்கிய பழைய ஜியான் ஒன்று, காசு சேர்ந்தபின் வாங்கிய புது ஜியான் ஒன்று. பழையது 2016-இல் வந்த பிராட்வெல் தலைமுறை, புதியது 2021-இல் வந்த ஐஸ்லேக் தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் யுபிஎஸ் பேட்டரியை மாற்றும்போது கெஸ்ட்களை மற்றொன்றுக்கு நகர்த்தவேண்டும், பால் சங்கத்தின் பில்லிங் நிற்கக்கூடாது.

வாளையாறு வழியாகத் தினமும் போய்வரும் லாரிக்கு இரண்டு மாநிலத்திலும் செல்லுகிற பெர்மிட் வேண்டும் அல்லவா, அதுபோல இரண்டு ஹோஸ்ட்டுக்கும் போய்வரும் கெஸ்ட்டுக்கு இரண்டிலும் உள்ள வசதிகளை மட்டுமே காட்டவேண்டும். ஏனென்றால் ப்ரோக்ராம்கள் தொடங்கும்போது ஒருமுறைதான் சிபியுஐடியைக் கேட்கும். "ஏவிஎக்ஸ்-512 இருக்கிறது" என்று தெரிந்துகொண்டால் கடைசிவரை அதை நம்பியே ஓடும். நடுவில் அந்த வசதி இல்லாத ஹோஸ்ட்டுக்குத் தூக்கிப்போட்டால், அடுத்த ஏவிஎக்ஸ்-512 ஆணையில் செத்துவிழும். ஒழுங்காக அமைத்த லிப்விர்ட் அப்படி நகர்த்துவதற்கு முன்பே மறுத்துவிடும். அந்த மறுப்பைத் திட்டாதீர்கள், அது உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுகிறது.

பொதுவானதைக் கண்டுபிடிக்கக் கையால் ஃப்ளாக் பட்டியலை ஒப்பிட வேண்டாம். இரண்டு ஹோஸ்ட்டிலும் 'விர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ்' ஓட்டி, வெளியீட்டை ஒரே கோப்பில் அடுத்தடுத்து ஒட்டுங்கள். அந்தக் கோப்பை 'விர்ஷ் ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன்' கட்டளைக்குக் கொடுங்கள். இரண்டுக்கும் பொருந்தும் மாடலையும் வசதிகளையும் எக்ஸ்எம்எல்லாகவே கொடுத்துவிடும். 'மைக்ரேட்டபிள்' என்ற ஆப்ஷனையும் சேர்த்தால், நகர்த்தலுக்குத் தடையான வசதிகளைக் கழித்துவிடும். 'விர்ஷ் சிபியு-பேஸ்லைன்' என்று பெயர் குட்டையான பழைய கட்டளையும் உண்டு; அது சில்லை மட்டும் பார்க்கும், ஹைப்பர்வைசரால் என்ன கொடுக்கமுடியும் என்று பார்க்காது. நீளமான பெயருள்ளதையே பயன்படுத்துங்கள்.

நம் உதாரணத்தில் பிராட்வெல்லை ஒட்டிய மாடல்தான் கிடைக்கும், பெரும்பாலும் 'நோடிஎஸ்எக்ஸ்' என்ற வால் ஒட்டியபடி. இந்த வாலுக்கு ஒரு கதை உண்டு. டிஎஸ்எக்ஸ் என்ற வசதி ஹாஸ்வெல் சில்லுகளோடு வந்தது. அதில் பிழை இருப்பது தெரிந்து, 2014-இல் இன்டெல் மைக்ரோகோடு மூலமாகவே அதை அணைத்தது. அப்டேட்டுக்கு முன் இருந்த வசதி அப்டேட்டுக்குப் பின் இல்லை. 'ஹாஸ்வெல்' என்று மட்டும் எழுதிய கெஸ்ட்கள் தடுமாறின. அதனால் டிஎஸ்எக்ஸ் இல்லாத மாடல்கள் தனியாக உருவாயின. வசதிகள் கூடுவது மட்டுமல்ல, குறையவும் செய்யும் என்பதால்தான் மைக்ரோகோடு எண்ணை எழுதிவைக்கச் சொன்னேன்.

புது ஹோஸ்ட்டில் ஏவிஎக்ஸ்-512 சும்மா கிடக்கிறதே என்று வருத்தப்படவேண்டாம். எல்லாக் கெஸ்ட்டும் நகரவேண்டிய அவசியம் இல்லை. பில்லிங், மெயில் போன்றவை பொது மாடலில் இருக்கட்டும். தமிழ், மலையாளம் இரண்டிலும் உள்ள பழைய ஆதாரப் பத்திரங்களை ஸ்கேன் செய்து டெசராக்ட் மூலம் எழுத்தாக்கும் கெஸ்ட் ஒன்று இருந்தால், அதைப் பாஸ்த்ரூவில் வைத்துப் புது ஹோஸ்ட்டிலேயே கட்டிப்போடுங்கள். அந்த மென்பொருள் ஓடும்போதே சிபியுவைப் பார்த்து ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ்-512 வழிகளைத் தேர்ந்தெடுக்கும். வேலை அரைநாள் நின்றாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

விஎம்வேர் வைத்திருப்பவர்கள் இதே வேலையை ஈவிசி என்ற அமைப்பில் செய்வார்கள். ஹைப்பர்-வியில் ப்ராசஸர் கம்பாட்டிபிலிட்டி என்ற டிக் பெட்டி. பெயர்தான் வேறு.

ஐந்தாவது வேலை: மாற்றி எழுதி, முழுதாக அணைத்துத் தொடங்குதல்

'விர்ஷ் எடிட்' போட்டு கெஸ்ட்டின் பெயரைக் கொடுங்கள். சிபியு பகுதியில் பழையதை எடுத்துவிட்டு, பேஸ்லைன் கொடுத்ததை ஒட்டுங்கள். 'செக்' என்ற பண்புக்கு 'ஃபுல்' என்று கொடுத்தால், கேட்டதும் கிடைத்ததும் அச்சுப்பிசகாமல் பொருந்தினால்தான் கெஸ்ட் தொடங்கும். வசதி குறைந்த கெஸ்ட் சத்தமில்லாமல் ஓடுவதைவிட, தொடங்காமல் நின்று சத்தம் போடுவது நல்லது.

அப்புறம், கெஸ்ட்டுக்குள் போய் ரீபூட் கொடுத்தால் மாற்றம் வராது. கெஸ்ட் ரீபூட் ஆனாலும் ஹோஸ்ட்டில் ஓடும் கியூஇஎம்யு ப்ராசஸ் அதே பழையதுதான், அது எழுதிவைத்த பட்டியலும் பழையதுதான். 'விர்ஷ் ஷட்டவுன்' கொடுத்து, முழுதாக அணைந்ததை உறுதிசெய்துகொண்டு, 'விர்ஷ் ஸ்டார்ட்' கொடுங்கள். கியூஇஎம்யுவை அப்டேட் செய்தாலும் இதே விதிதான். "மாத்தினேன் அண்ணா, வரலை" என்று யார் கேட்டாலும் "ஷட்டவுன் பண்ணினீங்களா, ரீபூட் பண்ணினீங்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

ஆறாவது வேலை: உள்ளே போய்ச் சரிபார்த்தல்

கெஸ்ட்டுக்குள் 'எல்எஸ்சிபியு' ஓட்டி, தேவைப்பட்ட ஃப்ளாக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். ஜிலிப்சி 2.33 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், 'எல்டி.எஸ்ஓ'வை 'ஹெல்ப்' ஆப்ஷனோடு ஓட்டினால் வி2, வி3, வி4 மட்டங்களில் எவை கிடைக்கின்றன என்று கடைசியில் சொல்லும். ஒப்பன்எஸ்எஸ்எல்லின் 'ஸ்பீட்' சோதனையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப்பார்ப்பதும் நல்லது. ஏஇஎஸ் வந்திருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம். ஃப்ளாக்கை மறைத்தால் ஆணை வேலைசெய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். ஏஇஎஸ் போன்ற ஆணைகளைக் கேட்காமலே நேரடியாக ஓட்டினால், ஃப்ளாக் இல்லாவிட்டாலும் சில்லு ஓட்டிவிடும். ஏவிஎக்ஸ்-512 போன்று புது ரெஜிஸ்டர் கேட்பவற்றைத்தான் கேவிஎம்மால் உண்மையாகத் தடுக்கமுடியும். எனவே ஃப்ளாக்கை மறைப்பதைப் பாதுகாப்பு வேலியாக நம்பவேண்டாம்.

பாதுகாப்பு ஃப்ளாக்குகள்

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் வெளியே வந்தபோது, பழைய சில்லுகளுக்கும் மைக்ரோகோடு வழியாகப் புது வசதிகள் வந்தன. ஸ்பெக்-சிடிஆர்எல், அதே வருடம் எஸ்எஸ்பிடி, 2019 மே மாதத்தில் எம்டி-கிளியர். ஹோஸ்ட்டை மட்டும் அப்டேட் செய்துவிட்டுச் சும்மா இருந்தால், கெஸ்ட்டின் கெர்னலுக்கு இந்த ஆயுதங்கள் இருப்பதே தெரியாது. தன்னுள் ஓடும் ப்ரோக்ராம்களை ஒன்றிடமிருந்து ஒன்று காக்க அதற்கு இவை வேண்டும்.

இதைச் சோதிக்க, கெஸ்ட்டில் சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று உள்ளே போய், அங்குள்ள 'வல்னரபிலிட்டீஸ்' கோப்புறையின் கோப்புகளைப் படியுங்கள். எம்டிஎஸ் (எம்டி-கிளியர் அடைக்கும் ஓட்டையின் பெயர்) கோப்பில் 'நோ மைக்ரோகோடு' என்ற சொல் இருந்தால், ஹோஸ்ட்டில் மைக்ரோகோடு இருந்தாலும் எம்டி-கிளியர் ஃப்ளாக்கைக் கெஸ்ட்டுக்குக் காட்டவில்லை என்று சந்தேகப்படுங்கள். கஸ்டம் மாடல் வைத்திருப்பவர்கள் இந்த ஃப்ளாக்குகளைப் பேர் சொல்லி 'ரிக்வயர்' போடவேண்டும், பழைய மாடல் பெயர்களுக்குள் இவை தானாக இருக்காது. கியூஇஎம்யு 4.1 முதல் மாடல்களுக்கு வி1, வி2 என்று பதிப்பு எண்கள் வந்ததே இதுபோன்ற பின்வந்த மாற்றங்களை ஏற்கெனவே ஓடும் கெஸ்ட்களைக் குழப்பாமல் சேர்க்கத்தான். பாஸ்த்ரூவில் இந்தக் கவலை இல்லை; முழுதாக அணைத்துத் தொடங்கினால் போதும்.

படிப்பதற்காகக் கெஸ்ட்டுக்குள் இன்னொரு விர்ச்சுவல் மெஷின் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு: விஎம்எக்ஸ் அல்லது எஸ்விஎம் ஃப்ளாக்கைக் கெஸ்ட்டுக்குக் காட்டவேண்டும். இன்டெலில் லினக்ஸ் 4.20 முதல் கேவிஎம்மின் 'நெஸ்டட்' அமைப்பு தானாகவே திறந்திருக்கிறது. படிக்கும் கெஸ்ட்டில் மட்டும் வையுங்கள், பில்லிங் ஓடும் கெஸ்ட்டில் அந்த ஃப்ளாக்கை 'டிசேபிள்' போட்டுவிடுங்கள்.

பழைய ஹோஸ்ட்டை ஒருநாள் கழற்றிவிட்டு இன்னொரு புதியது வாங்குவீர்கள். அப்போது கெஸ்ட்கள் தாமாக மேலே ஏறாது. பேஸ்லைனை மறுபடி எடுத்து, ஒவ்வொரு கெஸ்ட்டாக எக்ஸ்எம்எல்லை மாற்றி, பால் வரவு இல்லாத மதிய நேரத்தில் அணைத்துத் தொடங்குங்கள். பழைய எக்ஸ்எம்எல்லை 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொண்டு ஒரு கோப்பில் எடுத்து வைத்திருந்தால், ஏதாவது ஒத்துவராதபோது 'விர்ஷ் டிஃபைன்' போட்டு ஐந்து நிமிடத்தில் முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.